பிளேக் (தொலைக்காட்சி அத்தியாயம்)

பிபிசியின் ‘பிளேக்ஸ் செவன்’ அறிவியல் புனைவுத் தொடரின் 52ஆவது, இறுதி அத்தியாயம். கிறிஸ் பௌச்சர் எழுதி, மேரி ரிட்ஜ் இயக்கிய இது 1981 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பானது. கிளர்ச்சித் தலைவன் பிளேக்கைத் துரோகி எனத் தவறாக எண்ணித் தோழன் ஏவனே சுட்டுக் கொல்கிறான். குழுவினரும் ஒவ்வொருவராக வீழ்கின்றனர். எதிரிப் படையினர் சூழ்ந்து நிற்க, ஏவன் புன்னகைத்துத் துப்பாக்கியை உயர்த்துகிறான்; பின்னர் வெடியோசை மட்டுமே கேட்கிறது.

கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்பு வந்த இம்முடிவு பிரிட்டிஷ் பார்வையாளர்களைக் கடும் அதிர்ச்சிக்குள்ளாக்கியது. பிளேக்கின் உடலில் மட்டுமே குருதி காட்டப்பட்டதால், மற்றவர்கள் மயங்கியே வீழ்ந்தனர் எனச் சிலர் வாதிட்டனர். பிளேக்காக நடித்த கேரத் தாமஸ், தம் பாத்திரத்தின் மரணம் ஐயத்துக்கு இடமின்றி அமைய வேண்டும் என விரும்பியிருந்தார். கௌடா பிரைம் கோளில் நிகழ்ந்த இச்சம்பவத்துக்குப் பிந்தைய நிகழ்வுகளைக் கற்பனை செய்யும் கதைகள் ரசிகர் எழுத்தில் தனி வகையாகவே வளர்ந்தன. ஐந்தாம் பருவம் தயாரிக்கப்படவில்லை.