போர் துளைத்த காலணா

ஒரு ரூபாய்க்கு 16 அணா. காலணாவாக மாற்றினால் 64. நாகலாபுரம் மாதிரி மானாவாரிக் கரிசல் சீமையில் பருத்தியும் மிளகாயும் விலை போகிற நாலு நாளில்தான் முழு ரூபாய் கைக்கு வந்தது. மற்ற நாளெல்லாம் உப்பு, புளி, வெற்றிலை எல்லாமே காலணாவில்தான் நடந்தன. மன்னர் தலை பதித்த அந்தக் காசு கிட்டத்தட்ட 5 கிராம் கனம், பெரும்பகுதி செம்பு. அந்தச் செம்புதான் அதற்கு எமனாக வந்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் முதலில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல் ரூபாய்க் காசில் வெள்ளியை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். சனங்கள் விடுவார்களா? பழைய ரூபாயெல்லாம் பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையை விட்டு ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பினார்கள். வெள்ளைக்காரன் அடித்த காகிதம் நாளைக்குச் செல்லுமா என்ற பயம் ஊருக்கு ஊர் பரவியது. அடுத்துப் பதுங்கியது சில்லறை.

தோட்டாவுக்கும் செம்பு வேண்டும், காசுக்கும் செம்பு வேண்டும். பூந்தி, நவாநகர் போன்ற சமஸ்தானங்கள் அட்டையில் அச்சடித்துக் காசு என்று கொடுத்தன. பிரிட்டிஷ் அரசாங்கம் அரையணா, ஓரணா எல்லாவற்றையும் நிக்கல் கலந்த பித்தளைக்கு மாற்றிப் பார்த்தது. ஆனால் ஏழையின் கையில் புழங்கிய காலணாவுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. உலோகத்தைச் சேமிக்க வேண்டும். காசோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடவும் கூடாது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

நடுவை வெட்டி எடுத்துவிட்டார்கள்! கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் பல வருஷமாகவே துளைக்காசு புழங்கி வந்தது. அதே வழியில் 1943-இல் இந்தியக் காலணாவும் வந்தது. எடை ஏறக்குறைய 2 கிராம்தான். பழைய காசில் பாதிகூட இல்லை. நடுவில் துளை விழுந்தால் மன்னரின் தலை எங்கே போகும்? அவரையே எடுத்துவிட்டு, துளைக்கு மேலே கிரீடத்தை மட்டும் பதித்தார்கள். சக்கரவர்த்தியின் முகம் இடம் இல்லாமல் வெளியேறியதை வரலாற்றின் தீர்க்கதரிசனம் என்றே சொல்லத் தோன்றுகிறது. பம்பாயும் கல்கத்தாவும் போதாமல், லாகூரில் புது நாணயச்சாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் அச்சடிக்க வைத்தார்கள். கோடிக்கணக்கில் காசு குவிந்தது. இனி சில்லறைப் பஞ்சம் தீரும் என்று நினைத்தபோது, அந்தத் துளையே வேறு வேலையைத் தொடங்கியது.

போர்க்காலத்தில் இரும்புச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. போல்ட்டுக்கு அடியில் போட வாஷர் வேண்டுமா? மடியிலேயே இருந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி. கடைக்குப் போக வேண்டிய காசு திருகாணிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அம்மாமார் அதைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள்.

1947-தான் அந்தக் காசில் விழுந்த கடைசி வருஷம். சுதந்திர இந்தியா 1950-இல் குதிரை போட்ட காலணாவைத் துளையில்லாமல் வெளியிட்டது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானதும் அந்த 64 கணக்கே முடிந்துபோனது.

கரிசல் ஊர்களில் உண்டியல் குவியலைப் பிரிக்கும்போதும், பாட்டியின் சுருக்குப்பையைக் கவிழ்க்கும்போதும், கறுத்துப்போன ஒரு வளையம் உருண்டு வருவது உண்டு. ஏதோ வாஷர் என்று தூக்கிப் போடுகிற அதுதான் ஓட்டைக் காலணா. புளி வைத்துத் தேய்த்தால் கிரீடம் தெரிந்துவிடும். ஆனால் தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள். கறுப்போடு வந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும். வருஷத்தைப் பார்ப்பார்கள், கிரீடத்தின் உச்சி தட்டையா உருண்டையா என்று பார்ப்பார்கள், பிறகு லென்ஸை வைத்து லாகூர்க் காசா பம்பாய்க் காசா என்று தேட ஆரம்பிப்பார்கள்.