முப்பது ஆட்டுத் தோலில் ஓர் உலகம்

வட ஜெர்மனியில் லூனெபுர்க் அருகே எப்ஸ்டார்ஃப் என்றொரு சிற்றூர். 1830 வாக்கில் அங்குள்ள கன்னிமாடத்தின் ஈரம் ஏறிய சாமான் அறையில் பழைய தோல் படம் ஒன்று அகப்பட்டது. 30 ஆட்டுத் தோல்களைச் சேர்த்துத் தைத்தது. ஏறக்குறைய 12 அடிக்கு 12 அடி. 1300-ஐ ஒட்டி வரைந்த உலகப்படம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு.

இதை நம்பிப் பயணம் கிளம்பினால் எந்த ஊரும் போய்ச் சேர முடியாது. வரைந்தவர்களுக்குத் தூரம் முக்கியமில்லை, காலம்தான் முக்கியம். படத்தில் கிழக்கு மேலே இருக்கிறது. உச்சியில் ஆதாமும் ஏவாளும். கீழே வரவர நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், நடுவில் எருசலேம், பிறகு ரோம், ஒரு மூலையில் எப்ஸ்டார்ஃபும் உண்டு; சொந்த ஊரை யார்தான் விடுவார்கள்! இத்தனையையும் தாங்குவது கிறிஸ்துவின் உடல்: தலை கிழக்கில், கைகள் வடக்கிலும் தெற்கிலும், பாதங்கள் மேற்கில். உள்ளே சுமார் 1,500 எழுத்துக் குறிப்புகள், 500 கட்டடங்கள், 60 விலங்குகள். இந்தியா சொர்க்கத்துக்குப் பக்கத்து வீடு. மனித வரலாற்றை ஒரே பார்வையில் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் இன்றைய கணினி வரைபடங்களில் இவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை.

1834-இல் படம் ஹனோவர் நகருக்குப் போனது. 1888-இல் செப்பனிட பெர்லினுக்கு. அங்கே தையலைப் பிரித்து 30 தோல்களையும் தனித்தனியாக்கி, கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்தார்கள். எர்ன்ஸ்ட் சொம்மர்பிரோட் அவற்றை 1891-இல் அச்சிட்டார். 1896-இல் கொன்ராட் மில்லர் வண்ணப் பிரதி வெளியிட்டார். படம் ஹனோவருக்கே திரும்பியது. 1943-இல் அந்நகரின் மீது விழுந்த குண்டுகளில் எரிந்து சாம்பலானது. அறுநூறு ஆண்டு ஈரத்தையும் எலியையும் தாண்டி வந்த பொருள் அது.

இன்று நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் புகைப்படங்கள் போட்ட பிச்சை. அவற்றையும் மில்லரின் பிரதியையும் வைத்து 1950-களில் ருடால்ஃப் வீனெக்கே தோலிலேயே மறுபடி வரைந்தார்; அதில் ஒன்று எப்ஸ்டார்ஃப் மடத்தில் இருக்கிறது. லூனெபுர்க் பல்கலைக்கழகம் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்படி செய்திருக்கிறது.

ஒன்று மட்டும் எந்தப் பிரதியாலும் மீளவில்லை. மடத்தில் கண்டெடுப்பதற்கு முன்பே யாரோ வலப்பக்க மேற்பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். கிழக்கு மேலே உள்ள படத்தில் அது தென்கிழக்கு, நம் பக்கம். புகைப்படங்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.