ரெண்டு அரை நாள்

2024 மார்ச் கடைசியில் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கக் கிளம்பினேன். பொன்னேரி தாண்டி பழவேற்காடு போகிற சாலையில் திருப்பாலைவனம் வரும். டீ குடிக்கலாம்னு அங்கே இறங்கினேன். எதிர்ச் சுவரில் ஒருவர் காங்கிரசின் கைச் சின்னம் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் தே.மு.தி.க.வின் முரசு, ஈரம் காயாமல் இருந்தது. ரெண்டும் அவர் வேலைதான். திருவள்ளூர் தொகுதியில் அந்த ரெண்டு கூட்டணிக்கும் அவைதான் சின்னம்.

நூல் பிடிக்கவில்லை, கோடு போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து விரலும் ஒரே இழுப்பில் வந்தன. "எங்க சார் கத்துக்கிட்டீங்க?"னு கேட்டேன். "நான் சொல்லிக் கொடுக்கிறவன் சார். ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார், பகுதிநேரம்" என்றார். பெயரும் பள்ளியும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

பகுதிநேரம் என்றால் வாரத்துக்கு மூன்று அரை நாள். இது எப்படி வந்தது என்று வீட்டுக்கு வந்து தேடினேன். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று இருக்கிறது. அதாவது 'பகுதிநேரம்' என்ற வார்த்தையைச் சட்டமே எழுதிவிட்டது. அதன்படி தமிழ்நாட்டில் 2011இல் ஜெயலலிதா அரசு அறிவித்து, 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. ஓவியம், இசை, தையல், தோட்டக்கலை, கணினி, உடற்கல்வி எல்லாம் இதில் அடக்கம். மே மாதம் பள்ளி இல்லை, அப்போது சம்பளமும் இருக்கவில்லை.

ஐந்தாயிரம் படிப்படியாகப் பத்தாயிரம் ஆனது. 2021 தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையின் 181-வது வாக்குறுதியாக இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்றது. 2023இல் கூடுதலாக 2,500 ரூபாய் அறிவிப்பு வந்தது. நான் அவரைப் பார்த்த அன்றைக்கு நிரந்தரம் வந்திருக்கவில்லை.

"நூத்தி எண்பத்தொண்ணு. என் போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. கோபம் இருந்தால் இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். இவர் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டு, ரெண்டு பக்கத்துக்கும் சின்னம் வரைந்து கூலி வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு கட்சி சொன்னது, செய்யவில்லை என்று இதை முடித்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கல்வியைப் பற்றி இவ்வளவு பேசிய ஒரு மாநிலத்தில், கலைப் பாடம் மட்டும் ஏன் எப்போதும் அரை நாள்?

பதிலின் ஒரு பகுதி இன்னொரு அரை நாளில் இருக்கிறது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் மையம், ஆனால் அது பள்ளிக்குள்ளே, எல்லாப் பிள்ளைகளுக்கும். ராஜாஜி பிள்ளையை அவரவர் அப்பாவின் தொழிலுக்கு அனுப்பினார். வித்தியாசம் முழுக்க அங்கேதான். பெரியாரும் அண்ணாவும் அதைக் 'குலக்கல்வி' என்றார்கள். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. 1954இல் ராஜாஜி விலக, காமராசர் வந்தார். திட்டம் கைவிடப்பட்டது.

பழவேற்காட்டுக் கரையில் நின்று யோசித்தால் அந்தப் போராட்டத்தின் நியாயம் உடனே புரியும். குப்பத்துப் பையன் காலையில் எழுத்து படித்துவிட்டு மதியம் வலை பின்னியிருப்பான். வக்கீல் பையன் மதியம் இன்னொரு புத்தகம் படித்திருப்பான். இருபது வருஷம் கழித்து யார் எங்கே இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. திட்டத்தைத் தூக்கியது சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பாதி வேலைதான் நடந்தது என்று நினைக்கிறேன். 'பிறப்பால் வந்த தொழில்' என்பதைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளினோம். பிறப்போடு சம்பந்தமே இல்லாத கைவேலையை, கண்ணுக்கும் விரலுக்குமான படிப்பை, அந்த இடத்தில் வைத்தோமா? இல்லை. அந்த இடத்தில் கணக்கும் அறிவியலும் வந்தன. அவை வேண்டியவைதான். கைவேலை என்ற பேச்சு எடுத்தாலே குலக்கல்வி ஞாபகம் வருகிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளைப் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், குயவர் போன்றவர்களிடம் அனுப்பலாம் என்றபோதும் இங்கே அதே பயம் வந்தது. பயம் நியாயம். ஆனால் பயத்தின் மறைவில் டிராயிங் பீரியட் காணாமல் போவது நியாயமில்லை.

இந்த ஊரே கோடு போடத் தெரிந்த கைகளால் வாழ்ந்த ஊர். டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை 1613இல் இங்கே எழுந்ததற்கு முக்கியக் காரணம் துணி. சோழமண்டலக் கரையில் படிகாரமும் சாயவேரும் அவுரியும் கொண்டு கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணியை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் வாசனைப் பொருளுக்கு மாற்றினார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ரெண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். உள்ளே கிடப்பவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, செதுக்கியவர்களின் பெயர் இல்லை.

அந்த எலும்புக்கூடுகளைத்தான் நம்ம வாத்தியார் தன் பிள்ளைகளை வரையச் சொல்வாராம். "கணக்குப் பீரியட்ல அஞ்சு நிமிஷம் உக்காராத பையன், அங்க ஒரு மணி நேரம் விலா எலும்பை எண்ணிக்கிட்டு இருப்பான் சார். தப்பா எண்ணினா படம் காட்டிக் கொடுத்துடும்ல?"

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொன்னார். ஏரியை வரையச் சொன்னதும், படகோ தென்னை மரமோ போடாமல் முகத்துவாரத்தை மூணு தடவை வரைந்ததாம். போன வருஷம் திறந்திருந்த இடம், மணல் மூடிய இடம், இப்போது படகு போகிற இடம். "நான் சொல்லித் தரல. அவங்க அப்பா சாப்பிடறப்போ பேசறதை வரைஞ்சிருக்கு."

பெரிய விஷயம் இது. இந்தக் கரையின் அரசியலே இப்போது வரைபடத்தில்தான் நடக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்கும் திட்டம் மக்கள் முன் வந்தபோது, வந்தது வரைபடங்களும் கட்டுக்கட்டான அறிக்கையும்தான். அதன் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்து தள்ளிப்போனது, 2023 செப்டம்பரிலும் நடக்கவில்லை. அடுத்து ஒரு நாள் நடந்தால், மேடையில் விரிக்கிற வரைபடத்தைப் பார்த்து "இங்க தண்ணி இருக்கு, நீங்க வெறும் மண்ணுன்னு போட்டிருக்கீங்க"னு விரல் வைத்துச் சொல்ல ஆள் வேண்டும். முகத்துவாரத்தை மூணு தடவை வரைந்த பிள்ளை அதைச் சொல்லும். கலைக் கல்வி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்.

கிளம்பும்போது "இந்தத் தடவை ஓட்டு போடுவீங்களா?"னு கேட்டேன்.

"போடாம என்ன சார். வாக்குறுதிப் புத்தகம் படிக்கிறதைத்தான் விட்டுட்டேன்." பிரஷ்ஷை டர்பன்டைனில் முக்கிக்கொண்டே, "கல்லறை போட்டோ எடுத்தா எனக்கும் ரெண்டு அனுப்புங்க. வெயில்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக முடியல. அடுத்த அரை நாளுக்கு ஆகும்" என்றார்.

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் பன்னிரண்டு படம் அனுப்பினேன். "விலா எலும்பு கிளியரா இருக்கு, நன்றி"னு பதில் வந்தது.