வாசுதேவநல்லூரில் வெடித்த பீரங்கி

நெல்லைச் சீமையின் பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேசும்போது வாளையும் வேலையும் பேசுகிறோம். வீரத்தையும் துரோகத்தையும் பேசுகிறோம். வெடிமருந்தைப் பேசுவது அரிது. ஆயினும் 1759ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வாசுதேவநல்லூர்க் கோட்டை முன் நடைபெற்ற முற்றுகையில், தாக்க வந்த படையின் மிகப்பெரிய பீரங்கி, கோட்டைச் சுவர் முழுதும் விழுமுன்னரே தானே வெடித்துப் பிளந்தது. ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றிலும், 1881இல் கால்டுவெல் பாதிரியார் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இச்செய்தி ஓரிரு வரிகளில் கடந்து போகிறது. நாம் அந்த வரிகளில் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

முற்றுகையிட்டவர் யூசுப் கான். நம் முன்னோர் 'கான் சாஹிப்' என்று அழைத்தவர். இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கும்பினியாரின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராகி, மதுரையையும் நெல்லையையும் குத்தகைக்கு ஏற்று ஆண்டவர். முடிவில் அதே கும்பினியாரும் ஆர்க்காட்டு நவாபும் 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவரை மதுரையில் தூக்கிலிட்டனர். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

வாசுதேவநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளுள் அது வலிமை மிக்கது. மண்கோட்டை என்றால் மழையில் கரைகிற சுவர் என்று எண்ணிவிடலாகாது. நன்கு பிசைந்து உலர்ந்து இறுகிய மண் சுவரில் சிறு குண்டு புதைந்து நின்றுவிடும். கல் சுவரைப் போல் பிளவு ஓடாது. இந்தப் பாடத்தை யூசுப் கான் முன்னரே கற்றிருந்தார். 1755இல் கர்னல் ஹெரானுடன் அவர் நெற்கட்டும்செவலுக்குச் சென்றபோது, சுவரை உடைக்கத்தக்க கனத்த பீரங்கி இல்லாமையால் படை வெறுங்கையுடன் திரும்பியது.

ஆகவே 1759இல், திருவிதாங்கூர் மன்னரின் படையும் துணைவர, தாமிரபரணிக் கரையிலிருந்து வடக்கே சென்றபோது அவர் 18 ராத்தல் குண்டு எறியும் பீரங்கி ஒன்றைக் கொண்டு சென்றார். சுவர் உடைக்கும் கருவி அது ஒன்றே; உடன் வந்தவை சிறு பீரங்கிகள். அந்தப் பெரிய பீரங்கியும், சிறியவற்றுள் 6 ராத்தல் பீரங்கி ஒன்றும், சுவரில் ஆள் ஏறக்கூடிய பிளவு உண்டாகுமுன் வெடித்துவிட்டன. ஆயினும் சிப்பாய்கள் அரைகுறைப் பிளவின் மீது ஏவப்பட்டனர். உள்ளிருந்தவர்கள் எதிர்த்து நின்றனர். பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து தம் படையோடு விரைந்து வந்து முற்றுகையிட்டோரின் பாசறையைத் தாக்கினார். யூசுப் கான் பின்வாங்க நேர்ந்தது.

ஒரு பீரங்கி ஏன் வெடிக்கிறது? உலோக வார்ப்பில் குமிழி இருந்தால் வெடிக்கும். இடைவிடாது சுட்டுக் குழல் தளர்ந்திருந்தாலும் வெடிக்கும். ஆனால் அக்காலத்துப் பீரங்கிக்காரன் எல்லாவற்றிலும் அதிகமாக அஞ்ச வேண்டியிருந்தது, தன் கையால் உள்ளே இட்ட மருந்தையும் குண்டையுமே. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் சேர்க்கை. நல்ல மருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. வெடியுப்பைச் சரிவரக் காய்ச்சித் தெளிய வைக்காமல் அதில் சமையலுப்பு கலந்துவிட்டால், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலையடிவாரத்து வடகிழக்குப் பருவத்தில் அத்தகைய மருந்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மணியாகத் திரட்டாத பொடி மருந்தானால், மாட்டு வண்டியின் குலுக்கலில் கனத்த சரக்கு அடியிலும் கரி மேலுமாகப் பிரிந்துவிடும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. ஈர மருந்து வலிமை குன்றியது. அதனால் குழல் கெடாதே என்று தோன்றும். ஆனால் குண்டு தூரம் போகவில்லை என்று கண்ட பீரங்கிக்காரன் அளவைக் கூட்டுகிறான். அடுத்த பீப்பாயில் உலர்ந்த நல்ல மருந்து இருந்துவிட்டால் அதே கூடுதல் அளவு குழலைப் பிளந்துவிடுகிறது. எல்லா மருந்தும் மோசமாக இருப்பதைக் காட்டிலும், ஒன்று நல்லதும் ஒன்று கெட்டதுமாக இருப்பதே பெரிய அபாயம். குண்டு வார்ப்பும் அப்படியே. அளவிற் சிறிய குண்டு குழலுக்குள் தட்டித் தடுமாறி உட்சுவரைக் குடையும். பெரிய குண்டோ பாதி வழியில் இறுகி நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்தால் அழுத்தம் அவ்விடத்தில் திடீரென ஏறிக் குழல் புடைக்கும் அல்லது கிழியும்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டு அறிய முற்பட்ட முதல்வர்களுள் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர். ஊசலில் தொங்கும் கட்டையைச் சுட்டு, அது ஆடும் தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தை அளந்து 1742இல் நூல் வெளியிட்டார். மருந்தின் தரத்தை மதிப்பிட இனிக் கண்ணையும் காதையும் மட்டும் நம்ப வேண்டியதில்லை என்ற நிலை அதனால் வந்தது. கும்பினியார் அவரைக் கோட்டைகளைச் சீர்திருத்தும் பொறியாளராக அனுப்பினர். 1751இல் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். நெல்லைக்கு வந்த பீரங்கிகளுக்கு அவர் அறிவு எட்டவேயில்லை.

சிப்பாயின் கையில் இருந்த துப்பாக்கிக்கும் இதே கதிதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைக் கிண்ணத்திலும் மீதியைக் குழலிலும் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். மருந்து ஈரமானால் கிண்ணத்தில் மட்டும் தீ பளிச்சிடும், குழலுக்குள் பற்றாது. போர் இரைச்சலில் சுட்டுவிட்டதாக எண்ணி அதன்மேல் இரண்டாவது தோட்டாவையும் இடிப்பவர் உண்டு. இது கற்பனையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கி எடுத்த துப்பாக்கிகள் ஏறக்குறைய 27,000. அவற்றுள் சுமார் 24,000 சுடப்படாமல் நிரம்பியிருந்தன. அவற்றிலும் பாதியில் இரண்டு தோட்டாக்கள் இருந்தன. கையில் இருந்தவன் அவற்றைச் சுட்டிருந்தால் யார் மாண்டிருப்பார்?

யூசுப் கான் தோல்வியோடு நின்றுவிடவில்லை. 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் கைப்பற்றினார். அவர் மறைந்தபின் பூலித்தேவர் தரப்பினர் திரும்ப வந்ததும், 1767இல் கர்னல் கேம்பெல் மீண்டும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட நேர்ந்ததும் தனிக்கதை.

கரிமருந்தின் காலம் போய்க் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து 1889இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் செய்வதற்கென்றே நீலகிரி அருவங்காட்டில் ஆலை எழுந்தது. 1904 முதல் இயங்குகிறது. கார்டைட்டுக்கு ஈரத்தைவிட வெப்பமே பெரும்பகை. நாளாவட்டத்தில் தானே சிதையும். கோடை வெயிலில் கிடங்கு கொதித்தால் சிதைவு விரையும். ஆகையால் செய்தபோது சோதித்தால் போதாது. கிடங்கில் கிடக்கும் காலமெல்லாம் மாதிரி எடுத்துச் சூடேற்றிப் பார்க்க வேண்டும். வலுவிழந்த தோட்டா ஒன்றின் குண்டு குழலிலேயே சிக்கி நிற்க, அதை அறியாது அடுத்ததைச் சுட்டால், இன்றைய உயர்தர எஃகுக் குழலும் புடைத்துக் கிழியும். வாசுதேவநல்லூரில் எதற்கு அஞ்சினார்களோ, அதற்கே இன்றும் அஞ்ச வேண்டியிருக்கிறது.

2017 செப்டம்பரில் இராஜஸ்தானத்துப் பொக்ரானில், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த எம்-777 பீரங்கியை இந்தியத் தயாரிப்புக் குண்டுகளைக் கொண்டு சோதித்தபோது குழல் சிதைந்தது; நல்வாய்ப்பாக ஆட்சேதம் இல்லை. 2014 முதல் 2020 வரை குறையுள்ள வெடிபொருள்களால் ஏற்பட்ட இழப்பு 960 கோடி ரூபாய் என்றும், விபத்துகளில் 27 வீரர்கள் மாண்டனர் என்றும் தரைப்படையின் உள்ளறிக்கை ஒன்றைக் கொண்டு 2020இல் ஏடுகள் எழுதின. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் இதை ஒப்பவில்லை. பீரங்கியின் பராமரிப்பு, கையாளும் முறை போன்ற பிற காரணங்களைச் சுட்டியது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் மருந்து செய்தவர் பீரங்கியையும், பீரங்கி செய்தவர் மருந்தையும், இருவருமாகச் சேர்ந்து சிப்பாயையும் குறை சொல்வது பழைய வழக்கம் என்பதை நாம் மறந்துவிட முடியாது. 2021 அக்டோபர் முதல் நாள் அவ்வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. அருவங்காட்டு ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழும், துப்பாக்கிகள் செய்யும் திருச்சி ஆலை வேறொரு நிறுவனத்தின் கீழும் சென்றன.

இப்போது ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் அது செய்யப்பட்ட ஆண்டும் தொகுதி எண்ணும் பொறிக்கப்படுகின்றன. எங்கேனும் ஒரு குழல் வெடித்தால், அந்த எண் கொண்ட சரக்கைத் தேடி ஒதுக்கிவைத்து, மாதிரிகளை எடுத்து, சிதறிய உலோகத் துண்டுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடியும். வாசுதேவநல்லூரின் பீப்பாய்கள் எங்கே, யார் கையில் கலக்கப்பட்டவை என்று கேட்டு எழுதி வைத்தவர் எவருமில்லை. பீரங்கிக் குண்டின் கனம் 18 ராத்தல் என்பது ஏட்டில் ஏறியது. அதன் பக்கத்தில் நின்று தீ வைத்தவர் பெயர் ஏறவில்லை.