2734 எல்

கடலுக்கு அடியிலிருந்து எடுத்த நசுங்கிப்போன ஒரு உலோகத் தகடு. சுத்தம் செஞ்சு பார்த்தா அதுல கையால அடிச்ச நாலு இலக்கம், பக்கத்துல ஒரு எழுத்து: 2734 எல். அறுபது வருஷ சந்தேகத்தை இந்தத் தகடு எப்படி முடிச்சு வச்சதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. விமானக் கதைன்னு பயந்து ஓடிடாதீங்க, நம்ம 'குட்டி இளவரசன்' வர்றார் :-)

அந்தப் புத்தகத்தை எழுதின அந்த்வான் து செந்த்-எக்சுபெரி (தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்டதே, அதேதான்) ஒரு விமானி. 1944 ஜூலை 31 காலையில் கோர்சிகா தீவிலிருந்து எதிரிப் பகுதியைப் படம் எடுக்கக் கிளம்பினார். அப்போ வயசு 44. போர் விமானத்துக்கு அது கிழட்டு வயசு. கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தார். போனவர் திரும்பவே இல்லை.

1998ல் மார்சேய் பக்கத்துல ரியூ தீவுக்கிட்ட ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று மாட்டியது. அதில் அவர் பேர், மனைவி கோன்சுவேலோவின் பேர், நியூயார்க் பதிப்பாளரின் முகவரி எல்லாம் இருந்தது. இதுக்கு மேல என்ன வேணும்னுதானே கேக்குறீங்க? ஆனா நிறைய பேர் நம்பலை. போலின்னு சொன்னாங்க. கண்டெடுத்த மனுஷன் பாவம், ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கினதுதான் மிச்சம்.

2000ல் லுக் வான்ரெல் என்ற முக்குளிப்பவர் அதே பகுதியில் ஒரு பி-38 லைட்னிங்கின் சிதைவுகளைக் கண்டுபிடித்தார். செந்த்-எக்சுபெரி ஓட்டியதும் அந்த வகைதான். துப்பாக்கிகளை எடுத்துட்டு கேமரா வைத்த எஃப்-5பி. சரி, அவர் விமானம்தான்னு சொல்லிடலாமா? முடியாது. அந்தப் பக்கம் விழுந்த பி-38 அது ஒண்ணு மட்டுமில்லையே.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு போகணும். சிதைவுகளில் கிடைக்கும் எண்களில் முக்கால்வாசி 'பாக எண்'தான். ஸ்பிட்ஃபயர் பாகம் 300 என்று தொடங்கும், பிறகு வந்த ஒன்பதாம் வகைக்கென்று வரைந்ததில் 361 வரும். முஸ்டாங்கில் 73. இதை வச்சு என்ன விமானம், என்ன வகைன்னு சொல்லலாம். ஆனா அதே எண் அந்த வகையில் வந்த ஆயிரக்கணக்கான விமானத்துலயும் இருக்கும். நம்ம வண்டியின் ஸ்பேர் பார்ட் எண்ணை வச்சு வண்டி யாருதுன்னு கேட்டா எப்படி? சேஸிஸ் நம்பர் வேணும்ல!

2003ல் பாகங்களை மேலே எடுத்தார்கள். பி-38ல் இஞ்சினுக்குப் பின்னால், இரட்டை வால்தண்டுகளின் மேல், டர்போ சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். அந்தப் பகுதித் தகட்டில்தான் நான் முதலில் சொன்ன 2734. இது பாக எண் இல்லை. லாக்ஹீட் தொழிற்சாலை அந்த ஒரு விமானத்துக்குக் கொடுத்த எண். எல் என்றால் இடது பக்கம். லாக்ஹீட் பதிவேட்டில் 2734க்கு நேராக இருந்த ராணுவ எண் 42-68223. அன்னிக்குக் காலையில் அவர் ஏறிப்போன விமானம்! 2004 ஏப்ரலில் பிரெஞ்சு அரசின் கடலடித் தொல்லியல் துறை இதை உறுதி செய்தது. சங்கிலியும் உண்மைன்னு ஆச்சு, மீனவர் பேரும் தப்பிச்சது. பேர் பொறிச்ச வெள்ளியை நம்பாதவங்க, ஏதோ ஒரு தொழிலாளி சுத்தியலால தட்டின நாலு இலக்கத்தை நம்பினாங்க.

கதை இங்க முடியலை. அதே இடத்தில் வேறொரு இஞ்சினும் கிடந்தது. பி-38ன் அலிசன் இஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி 'வி' வடிவில் நிற்கும். இதிலோ எல்லாம் தலைகீழ். அப்படின்னா ஜெர்மன் டைம்லர்-பென்ஸ், மெஸ்ஸர்ஷ்மிட் 109லிருந்து வந்தது. ரெண்டும் மோதி விழுந்திருக்குமோன்னு எனக்கும் முதல்ல தோணுச்சு. வான்ரெல்லும் ஜெர்மன் ஆய்வாளர் லினோ ஃபான் கார்ட்செனும் தேடியதில், அது 1943 டிசம்பரிலேயே விழுந்த விமானம். ஓட்டியவர் பெந்தைம் அரச குடும்பத்து இளவரசர் அலெக்சிஸ். இருபது சொச்சம் வயசு. குட்டி இளவரசனை எழுதினவரின் விமானத்துக்குப் பக்கத்துல நிஜ இளவரசன் ஒருத்தனோட இஞ்சின்! நான் இதைக் கதையில எழுதியிருந்தா ரீல் விடாதேன்னு சொல்லியிருப்பீங்க.

அந்த இளவரசரோடு பறந்த பழைய விமானிகளைத் தேடப்போய்த்தான் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் கிடைத்தார். செந்த்-எக்சுபெரியைச் சுட்டது நான்தான் என்று அவர் சொன்னது 2008ல் வெளிவந்து பெரிய பரபரப்பாச்சு. அவர் எழுத்து தனக்கு ரொம்பப் பிடிக்கும்னும் சொன்னார். எனக்கென்னவோ முழுசா நம்பிக்கை வரலை. ஜெர்மன் ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை. எடுத்த பாகங்களில் குண்டு துளைத்த அடையாளமும் இல்லை. ஆனா மேலே வந்தது விமானத்தில் கொஞ்சூண்டுதான், அதனால சுடவே இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. ரிப்பெர்ட் 2013ல் இறந்துவிட்டார். மேலே எடுத்த பாகங்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்துக்குப் போயாச்சு. மீதி விமானம் கிடைக்கவே இல்லை.