கையும் கட்டும்

முதியோர் பலருக்கு மாலைப்பொழுதில் கால் கனத்துப்போவதும், விரலால் அழுத்திய இடம் குழிந்து சற்றுநேரம் கழித்தே நிரம்புவதும், நாளாவட்டத்தில் அந்த வீக்கம் இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் வடியாமல் நிலைத்துவிடுவதும் எல்லாத் தேசங்களிலும் கண்டதே. இருதயமோ சிறுநீரகமோ கெட்டு வரும் வீக்கத்துக்குச் சிகிச்சை வேறு. அங்கே காலைப் பிடித்துவிடுவது அபாயமாகவும் முடியலாம். ஆனால் இரத்த நாளங்களின் அடைப்பிதழ்கள் தளர்ந்தும், நிணநீர்க் குழல்கள் சுமை தாங்காமல் சோர்ந்தும் வரும் வீக்கத்தைக் கையாலேயே வடிக்கலாம் என்பதை ஐரோப்பிய வைத்தியம் வெகு தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

நிணநீர்க் குழல்களைப் பற்றிய அறிவு என்னவோ பழையதுதான். 1622-இல் இத்தாலியரான காஸ்பரே அசெல்லி, உயிருள்ள ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் பரவிக்கிடந்த வெள்ளை இழைகளை முதலில் நரம்புகள் என்றே எண்ணி, ஒன்றைக் கீறிப் பார்க்க, பால் போன்ற திரவம் பெருகிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஸ்வீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் அத்தகைய குழல்கள் உடலின் பிற பாகங்களிலும் ஓடுவதைக் காட்டிவிட்டனர்.

வியன்னாவில் பில்ரோத் என்னும் புகழ்பெற்ற ரண வைத்தியரிடம் பயின்று, பெல்ஜியத்தின் லியேஜ் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த அலெக்ஸாண்டர் வான் வினிவார்ட்டர், நிணநீர் தேங்கி வரும் யானைக்காலைப் பற்றி 1892-இல் வெளியிட்ட நூலில், கத்தி பிடித்தே பழகிய கையராயிருந்தும் கத்தியை ஒதுக்கிவிட்டு, நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, மிருதுவாகப் பிடித்துவிட்டு, பின் இறுகக் கட்டும் முறையை விவரித்தார். அதில் நுட்பமான ஒரு விதி உண்டு: வீங்கிய பாதத்தில் அல்ல, தொடையில்தான் தொடங்க வேண்டும். மேல்மடையைத் திறக்காமல் கீழ்வாய்க்காலில் நீரைத் தள்ளுகிறவன் கரையைத்தானே உடைப்பான்? 1917-இல் அவர் மறைந்தபின் அந்த முறையை நாடுவார் அருகினர்.

அதைப் புதுவழியில் மீட்டவர், வைத்தியப் பட்டம் பெறாத டேனிஷ்காரர் எமில் வோடர். 1930-களில் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் மனைவி எஸ்ட்ரிட்டுடன் தொழில் செய்துவந்த அவரிடம், தீராத ஜலதோஷத்தோடு கழுத்தில் நிணநீர்க் கணுக்களும் வீங்கிய நோயாளிகள் வந்தனர். கணுக்களைத் தொடவே கூடாது என்பது அக்கால வைத்தியர்களின் அபிப்பிராயம், வோடர் தொட்டார். 1936-இல் பாரிஸில் தம் முறையை வெளியிட்டார். அது சருமப் பொலிவுக்கான சிகிச்சை என்ற பெயரில் வெகுகாலம் அழகுநிலையங்களிலேயே தங்கியிருந்தது வைத்திய உலகுக்குப் பெருமையன்று.

எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். காலில் நோய்; கை வைப்பதோ காறை எலும்பின் மேற்குழியில், ஏனெனில் உடலின் நிணநீரெல்லாம் அந்த இடத்தில்தான் இரத்தத்தோடு சேருகிறது. பிறகு வயிறு, பிறகு இடுப்புமடிப்பு, பிறகு தொடை, கடைசியில் பாதம். விரல்கள் தோலின்மேல் வழுக்கி ஓடாமல், தோலையே பற்றிச் சிறுவட்டமாக இழுத்துவிட்டு, அது தானே திரும்பும்வரை காத்திருக்கின்றன. தோலுக்கு அடியிலேயே கிடக்கும் மெல்லிய குழல்களுக்குப் பலத்த பிடி ஆகாது.

1960-களில் ஜெர்மன் வைத்தியர் யோஹானஸ் அஸ்டோங்க் இதை ஆராய்ந்து ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார். 1969-இல் ஹங்கேரியை விட்டு ஜெர்மனிக்குப் போன மிஹாலி ஃபோல்டி, கருங்காட்டு மலைப்பகுதியில் மனைவியுடன் நடத்திய சிகிச்சையில் வோடரின் கையையும் வினிவார்ட்டரின் கட்டையும் ஒன்றுசேர்த்து, தோல் பராமரிப்பையும் கட்டோடு செய்யும் அப்பியாசத்தையும் கூட்டினார். அதிகம் நீளாத துணிப்பட்டையை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்த்தியும், பல அடுக்காகச் சுற்றுகின்றனர். வீக்கம் வடிந்தபின் அளவெடுத்துத் தைத்த இறுக்கக் காலுறை. கட்டில்லாமல் கையை மட்டும் நம்பினால் வடிந்த நீர் மீண்டும் இறங்கிவிடுகிறது. புகழ் கைக்குப் போனாலும், பாடுபடுவது கட்டே என்பது என் எண்ணம்.

யானைக்கால் என்றாலே கும்பகோணத்தை நினைத்த நம் நாட்டுக்கு இது புறக்கதையன்று. கேரளத்தின் காசர்கோட்டில் சரும வைத்தியர்கள் ஆயுர்வேதத்தையும் யோகாசனத்தையும் இந்தக் கட்டோடு இணைத்து யானைக்கால் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துவருகின்றனர். நோயாளியின் வீட்டாருக்கும் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்து அனுப்புகின்றனர்.