தங்கவயல்: ஒரு தொழிலின் தலைநகர்

கோலாருக்குத் தலைநகர்ப் பெருமை பழையது. கங்க மன்னர் குவளாலபுரம் என்னும் பெயரோடு அதனைத் தலைநகராகக் கொண்டிருந்து, பின்னர்த் தலக்காட்டுக்குப் பெயர்ந்தனர். அருகேயுள்ள தங்கவயலோ, அரசன் ஒருவன் இல்லாமலே தங்கத்தின் தலைநகராயிற்று.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து இங்கு எட்டியது. பெங்களூர் அதனைப் பெற்றது 1905-இல்தான்! எனினும், அம்மின்சாரம் வந்தது சுரங்க எந்திரங்களுக்காகவே. தொழிலாளரின் லைன் வீடுகளுக்காக அன்று.

சிறிய ஊரின் இனிமை இங்கு நிரம்ப உண்டு. அயல் மாநிலத்தில் தமிழ் பேசியே கடைவீதியில் அரிசி வாங்கலாம். ஒரு வீட்டுத் துக்கம் தெரு முழுவதற்கும் துக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும்போது, அந்த உறவே குடும்பங்களைத் தாங்கிற்று.

ஆனால் வேலை, வீடு, குடிநீர், மருத்துவமனை யாவும் ஒரே முதலாளியிடம் இருந்தன. பெருந்தலைநகரில் ஓர் ஆலை மூடினால் மற்றொன்றைத் தேடலாம். இங்கு மற்றொன்று இல்லை என்றே சொல்லலாம். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அனைத்தும் ஒருங்கே தளர்ந்தன.

இன்று பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். அங்கு வாடகை மிகுதி. லைன் வீடோ, தாத்தா வாழ்ந்த வீடு.